கண்ணை மூடாத ஜொவிட்டா டீச்சர்

சாந்தோம் பக்கம் ஜொவிட்டா டீச்சர் என்றால் பெரியவர்களுக்கே கொஞ்சம் உதறல்தான். முப்பது வருஷம் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, பிடிவாதத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. ரங்கநாதன் தெருவில் ஒரு கடைக்காரர் சாயம் போகாது என்று சத்தியம் பண்ணி விற்ற புடவை, முதல் நனைப்பிலேயே வெளுத்துவிட்டது. டீச்சர் அதை வாளியோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். கல்லாவுக்கு முன்னால் வாளியை வைத்துவிட்டு நின்றார். வேறு புடவை கைக்கு வரும்வரை வாளியை எடுக்கவே இல்லை.

இத்தனை கறாரான மனுஷி மனசுக்குள் ஒரு விஷயத்தைப் பூட்டி வைத்திருந்தார்.

கொரோனா இரண்டாவது அலையில் அவருடைய கணவர் ஃபிரெட்ரிக் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டீச்சர் மாதாவுக்கு ஒன்பது நாள் விடாமல் நவநாள் ஜெபம் சொன்னார். ஜெபம் முடிந்த அன்று காலையில் ஃபிரெட்ரிக் போய்விட்டார். அன்றிலிருந்து டீச்சர் மாதா முன்னால் கண்ணை மூடுவதில்லை. கோயிலுக்கு வருவார், பாடுவார், பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் மறைக்கல்வி வகுப்பும் எடுப்பார். ஆனால் பங்குத்தந்தை ஹென்றி “கண்களை மூடி ஜெபிப்போம்” என்றதும், டீச்சர் மட்டும் மாதாவை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு நிற்பார். இது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டுமானால் இன்னொருவரும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டுமே!

தெரிந்தால் மறைக்கல்வி வகுப்பு போய்விடும். மாதாவோடு சண்டை போடுகிறவளிடம் எந்த அம்மா பிள்ளையை அனுப்புவாள்? ஃபிரெட்ரிக் போன பிறகு டீச்சருக்கு மிஞ்சியிருந்த சந்தோஷம் அந்த வகுப்பு ஒன்றுதான். அதனால் அவர் வாயைத் திறக்கவே இல்லை.

சில வருஷம் கழித்து, திருவிழாக் கொடியேற்றத்தின்போதுதான் வினை வந்தது. கடலோரக் கோயிலின் முற்றத்தில் ஊரே திரண்டிருந்தது. சூரியன் இறங்கி வெளிச்சம் மங்கும் நேரம். கொடி உச்சிக்குப் போனதும் கடல்காற்று அதை மேற்கே, ரோட்டுப் பக்கமாகப் படபடவென்று விரித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அப்போது கோபுரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் வந்தது.

“மாதாவே!” என்று அலறினார் பக்கத்தில் நின்ற ஆனி. டீச்சரின் அண்டை வீட்டுக்காரர், பாடற்குழுத் தோழி, பக்தியில் ஊருக்கே முதல் ஆள். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் மண்ணில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. கொடியைப் படமெடுத்தவர்களும் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டார்கள், கும்பிட இரண்டு கையும் வேண்டுமே! மறுபடி கண்ணைத் திறந்தபோது வானத்தில் ஒன்றும் இல்லை.

அன்றிரவே மாதாவின் புதுமை, அற்புதம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. மறுநாள் போலீஸ் வந்தது. மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானி ஒருவரும் கரைக்கு மேலே ஒரு வெளிச்சத்தைப் பார்த்துப் புகார் சொல்லியிருந்தார். திருவிழாவில் விளக்கு வைத்த கேஸ் பலூன் விற்றவர் அன்வர் பாஷா. அவருடைய சிலிண்டரையும் வண்டியையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

“இன்னா டீச்சர் இது அநியாயம்?” தெருமுனையில் அன்வர் பாஷா புலம்பினார். “என் பலூன் ஏரோப்ளேனை மறிச்சுதாம். கேஸ் போட்டா வண்டியே போய்டும். நான் இன்னா பண்ணுவேன்?”

டீச்சர் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று சோறு இறங்கவில்லை.

வாரக் கடைசியில் விமானப்படை அதிகாரி மதுமதி விசாரணைக்கு வந்தார். பங்கு மண்டபத்தில் மேஜை போட்டு ஒவ்வொருவரையும் கூப்பிட்டார்.

முதல் ஆள் ஆனிதான். “பார்த்தேன் மேடம். நீல முந்தானை மாதிரி, அப்படியே இறங்கி வந்துது.”

“எந்தப் பக்கம் போச்சு?”

“அதெப்படி மேடம் பார்ப்போம்? உடனே கண்ணை மூடிட்டோமே!”

அடுத்தவரும் மூடியிருந்தார். அதற்கடுத்தவரும். ஃபாதர் ஹென்றி, “நானே மூடிட்டேம்மா, பழக்கம்” என்று அசடு வழிந்தார். கோயில் கேமராவோ உண்டியலைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

மதுமதி பேனாவை மூடினார். “கைபேசிப் படத்துல கொடி மேற்கே பறக்குது. பலூனா இருந்தா அதுவும் மேற்கேதான் போயிருக்கணும். வேற பக்கம் போனதைப் பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா பலூன்னுதான் நான் எழுத வேண்டியிருக்கும்.”

வாசலில் நின்ற அன்வர் பாஷா தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ பார்த்ததாகக் காதில் விழுந்தது என்று சொல்லித் தப்பிக்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. சீ என்று இருந்தது. ஒரு புடவைக்காக வாளியோடு நின்றவள், ஒரு மனுஷனின் பிழைப்புக்காக நிற்க மாட்டாளா?

எழுந்து மேஜைக்குப் போனார். “நான் பார்த்தேன். முழுசாப் பார்த்தேன்.”

மதுமதி கையை நீட்டி அளவு காட்டச் சொன்னார். டீச்சர் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். “இவ்வளவுதான். வெள்ளை வெளிச்சம். சத்தமே இல்லை. ரோட்டுப் பக்கத்துலேர்ந்து வந்து, கொடிக்கு மேலே தாண்டி, காத்துக்கு எதிரா கடலுக்குப் போச்சு. அங்க கொஞ்சம் நின்னுது. அப்புறம் செங்குத்தா மேலே ஏறி மறைஞ்சிடுச்சு. அது என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா பலூன் இல்லை.”

“எல்லாரும் கண்ணை மூடியிருந்தாங்களே, நீங்க மட்டும் ஏன் மூடலை?”

டீச்சர் திரும்பி ஊரைப் பார்த்தார்.

“என் புருஷன் போனதிலேர்ந்து நான் மாதா முன்னாடி கண்ணை மூடறதில்லை. அவங்க மேல எனக்குக் கோபம். இன்னும் தீரலை. எழுதிக்குங்க.”

யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். மதுமதி எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மறைஞ்ச பிறகு என்ன பண்ணீங்க?” என்றார்.

“பார்த்தீங்களான்னு கேக்கப் பக்கத்துல கையை நீட்டினேன்.” டீச்சரின் குரல் முதல்முறையாக உடைந்தது. “அவரு இல்லை.”

அடையாளம் தெரியாத பொருள், பலூன் அல்ல என்று விமானப்படை முடிவு சொன்னது. அன்வர் பாஷாவின் வண்டி திரும்பி வந்தது. மறைக்கல்வி வகுப்பைப் பற்றி ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஆனி அந்த வாரம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. டீச்சருக்கு வலித்தது. இருந்தாலும் சொன்னதை நினைத்து வருத்தப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்து இடம் ஃபிரெட்ரிக் உட்காரும் இடம், இத்தனை வருஷமாக அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. பூசை தொடங்கிய பிறகு ஆனி எழுந்து வந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்தார்.

“கண்களை மூடி ஜெபிப்போம்” என்றார் ஃபாதர்.

டீச்சர் நிமிர்ந்து மாதாவைப் பார்த்தார். ஆனியின் கை வந்து அவர் கையைப் பிடித்தது.

“நான் மூடிக்கிறேன் ஜொவி,” என்று ஆனி கிசுகிசுத்தார். “ஏதாவது வந்தா சொல்லு.”