பத்மா மாமி நடந்து வந்த ரீல்

பத்மா மாமி நேற்று காலையில் தவறிவிட்டார். வாசலில் யாரோ 'பரமபதம் அடைந்துவிட்டார்' என்றார்கள்... அதற்கு மேல் எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் ஸ்டாண்டில் மாமியைத் தெரியாத ஆட்டோக்காரன் கிடையாது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ரிட்டயர் ஆனவர். கையில் சாவி முறுக்கி ஓட்டுகிற பழைய சின்ன சினிமா கேமராவோடு என் வண்டியில் ஏறுவார்.

"செல்போன் இருக்கே மாமி, எதுக்கு இந்த டப்பா?" என்று கேட்டிருக்கிறேன்.

"போன்ல எடுத்துண்டே இருப்பேன் செல்வம், பார்க்க மாட்டேன். இதுல ஒரு ரீல் நாலு நிமிஷம்தான். எதை எடுக்கறதுன்னு யோசிச்சாகணும்."

யோசித்ததெல்லாம் மாமாவுக்காக. பக்கவாதம் வந்து மாமா கட்டிலோடு ஆகிவிட்டார், பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தைதான். வெளியே போக முடியாதவருக்கு மாமி ஊரையே எடுத்து வந்து, புரொஜெக்டர் மெஷின் வைத்து ஹால் சுவரில் ஓட்டிக் காட்டுவார்... சத்தம் கிடையாது, கலர் கிடையாது, ஆனால் மாமா கண் கொட்டாமல் பார்ப்பார்.

ஓடுகிற வண்டியிலிருந்து எடுக்கும்போது, "மெதுவா போங்கோ, ஆடறது" என்பார். "இதுக்கு மேல மெதுவாப் போனா பின்னாடி வர்ற மாடு ஓவர்டேக் பண்ணிடும் மாமி" என்பேன்.

ஃபிலிமைக் கழுவுவதும் மாமியேதான், வீட்டு பாத்ரூமை இருட்டாக்கிக்கொண்டு. கழுவியதை, பூஜைக்குக் கட்டுகிற, யாரும் தொடக் கூடாத மடித்துணி உலர்த்துகிற உயரக் கொடியில் கொண்டுபோய்த் தொங்கவிடுவார்.

"என்ன மாமி, மடிக்கொடியில சத்திரம் பஸ் ஸ்டாண்டைக் காயப் போட்டிருக்கீங்க?"

"உங்க ஆட்டோவும் அதுலதான் காயறது. போங்கோ, போய் சவாரியைப் பாருங்கோ."

ஒவ்வொரு படம் முடிந்ததும் மாமா சுவரைக் காட்டி ஒரே கேள்விதான் கேட்பார். "நீ?"

"நான்னா எடுக்கறேன்! நான் எப்படி அதுல வருவேன்?"

மாமா விடவே மாட்டார். எக்ஸ்ரே ரூமில் எப்போதும் வெளியே நின்றே பழகிய மாமிக்குப் படத்துக்குள் வர அவ்வளவு கூச்சம்.

கடைசியில் ஒருநாள் முக்கொம்பில் மனசு வந்தது. புது ரீலைப் போட்டு கேமராவை என் கையில் கொடுத்தார்.

"இதை முறுக்கிண்டு இதை அமுக்குங்கோ. கை ஆடப்படாது."

தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கம்பம் மாதிரி நின்றார். "மூச்சை இழுத்துப் பிடிச்சு நிக்க இது எக்ஸ்ரே இல்லை மாமி, சினிமா... நடந்து வாங்க" என்றேன். "வாயை மூடிண்டு எடுங்கோ" என்று திட்டிக்கொண்டே நடந்து வந்தார்.

மாமிக்கு ஒரு பழக்கம். எடுத்து முடித்த ரீல் டப்பாவின் மேல், நெற்றிக்கு இடுகிற ஸ்ரீசூர்ணத்தால் சிவப்பாக ஒரு பொட்டு வைப்பார், புதுசோடு கலந்துவிடக் கூடாது என்று.

அன்றைக்குப் பையில் தண்ணீர் பாட்டில் மூடி கழன்று அந்தப் பொட்டு அழிந்திருக்கிறது. பாலக்கரை கடைவீதியை எடுத்து முடித்த ரீலையே புதுசு என்று நினைத்து மாமி மறுபடி மாட்டிவிட்டார். ஒரே ஃபிலிமில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு படம்.

அதைக் கழுவி ஓட்டிய அன்று, என் கேமரா வேலையைப் பார்க்க நானும் போயிருந்தேன். சுவரில் மாமி நடந்து வருகிறார்... அவர் வயிற்றுக்குள் புகுந்து டவுன் பஸ் போகிறது.

நான் சிரித்துவிட்டேன். மாமிக்கு முகம் சுருங்கிப்போய், மாமா சரியாகப் பார்ப்பதற்குள் மெஷினை அணைத்துவிட்டார்.

"பாழாப் போச்சு. வேற நன்னா எடுத்துக் காட்டறேன், இருங்கோன்னா."

வேறு ரீலும் வந்தது. மழை விடட்டும், முழங்கால் வலி குறையட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது... தள்ளிப்போனதோடு சரி.

நேற்று மாமியைத் தகனத்துக்கு ஆற்றங்கரைக்கு எடுத்துப் போனபோது மாமாவால் கூட வர முடியவில்லை. எல்லாம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது, மாமா இடது கையைச் சுவரைப் பார்த்து நீட்டிக்கொண்டே இருந்தார்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் முகுந்தனுக்குப் புரியவில்லை. "மாமியைக் கேக்குறாரு தம்பி, மாமி இருக்கிற ரீல் அந்த ஒண்ணுதான்" என்றேன்.

மாமாவின் அக்கா கோபப்பட்டார். "துக்க வீட்ல சினிமாவா? நாலு பேர் என்னடா சொல்லுவா?"

"சொல்லட்டும் அத்தை. அப்பாவால அம்மாவோட கரை வரைக்கும்கூட வர முடியலை, தெரியுமோல்லியோ?"

அதற்கப்புறம் அந்த அத்தையே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

மெஷினில் ஃபிலிம் மாட்ட மாமியைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் டயர் மாட்டியவன், இதை எங்கே மாட்டினேன்... மாமாதான் கட்டிலில் கிடந்தபடி விரலால் இப்படி, அப்படி என்று காட்டினார்.

நழுவி நழுவிக் கடைசியில் ஓடியது. கடைவீதிக் கூட்டம், பஸ், வாழைத்தார் வண்டி... எல்லாவற்றுக்கும் நடுவே மாமி என்னைத் திட்டிக்கொண்டே நடந்து வந்தார்.

முகுந்தன், "இது சரியா விழலையேப்பா, நிறுத்திடட்டுமா?" என்றான்.

மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மெதுவா நடங்க மாமி... மாமா பார்த்துக்கிட்டு இருக்காரு.