வாளிக்குக் குறுக்கே

பொகவந்தலாவைக்குப் போகும் ஏற்றத்தில், ஒரு தேநீர்க் கடையின் எதிரே மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறேன். பழுது எதுவும் இல்லை. பழைய பட்டாள வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து நானே கட்டிய வண்டி. பிஸ்டன் புதிது, சிலிண்டரோடு பழகும் வரை மெதுவாக ஓட்ட வேண்டும், ஏற்றங்களில் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் கடைக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வருகிறார். ஏறி வரும் லொறிகளுக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பவர் அவர்தான்.

"ஊத்தாதீங்க நானா!" குறுக்கே நிற்கிறேன்.

"பொகை வருதே தங்கச்சி!"

"அது மேல சிந்துன எண்ணெய். இந்தச் சூட்டுல பச்சத் தண்ணி பட்டா சிலிண்டர் வெடிச்சிரும். வேற ஒன்னு எங்கயும் கெடைக்காது."

"லொறி வெடிக்கல்லயே?"

"லொறியில தண்ணிக்குன்னே தொட்டி இருக்கு. இது காத்துல ஆறுற இஞ்சின்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறார். உள்ளே போய் அடுப்பு விசிறியை எடுத்து வருகிறார். "அப்ப விசுறட்டுமா?"

மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. அவர் குந்தியிருந்து விசிறுகிறார். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அரிசி லொறி ஒன்று வந்து நிற்கிறது. இறங்கிய டிரைவர் என் வண்டியின் புகையைப் பார்க்கிறார். கீழே இருந்த வாளியைத் தூக்குகிறார். நான் வாய் திறப்பதற்குள், நானா விசிறியை ஓங்கிக்கொண்டு குறுக்கே பாய்கிறார்.

"டேய், ஊத்தாத! இது காத்துல ஆறுற இஞ்சின்டா!"