மூன்று பூட்டும் தொங்கின, பம்ப் ஓடியது

மெயின்டனன்ஸ் வேலையில் தலை நரைத்தபிறகு, எண்ணூரில் எங்கள் கம்பெனி டெக்னீஷியன்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். பேசத்தானே போகிறோம் என்று ஒப்புக்கொண்டேன். முதல் நாளே மண்டை குழம்பிவிட்டது.

அன்று செய்முறை வகுப்பு. ஒன்றாம் நம்பர் பம்பை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்கைக் கழற்ற வேண்டும். முதலில் மின்சாரப் பேனலில் அதன் ஸ்விட்சை ஆஃப் செய்து, ஆளுக்கொரு பூட்டுப் போட்டு, சாவியை அவரவர் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பம்பருகே வந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டும். ஓடாவிட்டால்தான் கை வைக்கலாம்.

தண்டையார்பேட்டை சலீம், முகத்துவாரக்குப்பம் சேவியர், நான், மூவரும் பூட்டினோம். சேவியர் நேராகப் போய்க் கப்ளிங் மூடியின் போல்ட்டில் ஸ்பானரை வைத்துவிட்டார்.

"மொதல்ல பட்டன அழுத்துங்க," என்றேன்.

"மூணு பூட்டு தொங்கிகினு கீது. சாவி நம்ம பாக்கெட்ல கீது. இன்னும் இன்னாத்துக்கு சார் பட்டனு?"

நியாயமான கேள்வி.

"ரூல்ஸுப்பா, அழுத்துங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

முணுமுணுத்துக்கொண்டே அழுத்தினார். பம்ப் ஓடியது.

நிறுத்திவிட்டுப் பேனலுக்கு ஓடினோம். பூட்டுகள் அப்படியே இருந்தன. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பாக்கெட்டைத் தடவினேன், சாவி இருந்தது.

"இன்னா சார், பேய் கீய் பூந்துகிச்சா?" என்றார் சலீம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் பூட்டை நம்பித்தானே கையை விட்டிருக்கிறேன்!

பேனலிலிருந்து கேபிளைப் பிடித்துக்கொண்டே போனோம். அது இரண்டாம் பம்பில் போய் நின்றது. திரும்பி வந்து, பேனலில் ஸ்விட்சுக்கு மேலிருந்த பெயர் போர்டை உற்றுப் பார்த்தேன். 'பம்ப் 1' பளபளவென்று மின்னியது. ஸ்க்ரூவைச் சுற்றிக் காய்ந்த சந்தனம். ஆயுத பூஜைக்கு எல்லா போர்டையும் கழற்றி, தேய்த்துக் கழுவி, பொட்டு வைத்தவர்கள், ஒன்றையும் இரண்டையும் இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். பம்பை ஓட்டுகிறவர்களோ பம்பருகே உள்ள பட்டனையே அழுத்துவதால் யாருக்கும் தெரியவில்லை. காலையில் அந்தப் பளபளப்பைப் பாராட்டியவனே நான்தான்!

"கைய வுட்டுருப்பேன் சார்," என்றார் சேவியர்.

பக்தியோடு துடைத்தவர்களை எப்படித் திட்டுவது? இன்றும் எனக்குக் குழப்பம்தான். ஒன்று மட்டும் புரிந்தது. போர்டையும் நம்பக்கூடாது, பூட்டையும் நம்பக்கூடாது, அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.

இப்போது சேவியரும் என்னோடு வகுப்பெடுக்கிறார். பட்டன் எதற்கு என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவர் கேட்பார். சேவியர் முன்னால் வந்து, பத்து விரலையும் விரித்துக் காட்டுவார்.