கம்பிக்குக் கத்தாத மெஷின்

வளைகுடாவிலிருந்து திரும்பிய ஜெப்சனுக்குத் தொலைந்த நகையைத் தேடிக் கொடுப்பதுதான் தொழில். அதற்கு, மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டால் கத்தும் இரண்டு மெஷின்கள் வைத்திருக்கிறான். ஒன்று கடற்கரைக்கு; மற்ற மெஷின்கள் அங்குள்ள கருமணலைக் கண்டாலே ஓயாமல் ஊளையிடும், இது ஊளையிடாது. இன்னொன்று அருமனை ரப்பர் தோட்டங்களுக்கு. அங்கே மரத்துக்கு மரம் பால் வடியும் சிரட்டையைத் தாங்கும் கம்பி இருப்பதால், அது இரும்பைச் சட்டை செய்யாமல் பொன்னுக்கு மட்டும் கத்தும். அதை யாராவது குறை சொன்னால் சண்டைக்கே போய்விடுவான்.

தக்கலையில் லீலாபாய் டீச்சர் புதுவீட்டு முற்றத்தில் கம்மலைத் தொலைத்தார். அங்கே கட்டட வேலையில் சிந்திய ஆணிகள் ஏராளம். அதனால் ரப்பர் தோட்ட மெஷினையே கொண்டுபோனான். கம்மல் பத்தே நிமிடத்தில் கிடைத்தது. சாயா குடிக்க மெஷினை வாசல் நிலையருகே வைத்ததும், அது வீறிட்டது.

“நிலைக்கு அடியில பொன்னு கிடக்கு சார்!”

டீச்சரின் கணவர் தேவகுமார் சபைச் செயலாளர். வீடு கட்டும்போது நிலைக்கடியில் பொன் வைப்பது மூடநம்பிக்கை என்று ஊருக்கே உபதேசிப்பவர்.

“அது கம்பியாக்கும் மக்கா,” என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே மூச்சில்.

ஜெப்சன் இருவர் முகத்தையும் பார்த்தான்.

“ஆமா சார், இது ஒண்ணுக்கும் கொள்ளாத மெஷினாக்கும்,” என்றான்.