கணக்கில் சேராத முதல் பத்து வெடிகள்

1

சுகிர்தா அன்று துவக்குப் பை இல்லாமல் வந்து, லொக்கர் திறப்பை என் மேசையில் வைத்தார்.

"இந்தாங்கோ அண்ணை. இனி வரமாட்டன்."

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. டோர்வல் விமான நிலையத்துக்கு அருகே ஒரு துவக்குக் கடை, அதன் பின்னால் ஐம்பது மீட்டர் சுடும் உள்ளரங்கு. நான் அங்கே தோட்டா விற்றேன், டார்கெட் தாள் மாற்றினேன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் புரூஃப் பார்த்தவன். சுகிர்தா விமானங்களுக்கு உணவுத் தட்டு அடுக்கும் வேலையில் இருந்தார். எங்கள் கிளப்பின் பாயிண்ட் டூ டூ ரைபிள் அணியில் ஓர் இடம் காலி. அதற்கு நின்றவர்கள் இருவர்: சுகிர்தா, லூக் என்ற பல் வைத்தியர்.

"ஆறு கிழமையில தேர்வு. இப்பவோ விடுறது?" என்றேன்.

"வீட்டுக்காரருக்கு வேலை நேரத்தைக் குறைச்சுப்போட்டாங்கள். நீலப் பெட்டி ரவை கிழமைக்கு நாலு வாங்க ஏலாது. பழகாமல் போய் நிண்டு பல்லிளிக்கவோ?"

ரவை என்றால் எங்கள் பக்கத்தில் தோட்டா; துவக்கு துப்பாக்கி, திறப்பு சாவி, கிழமை வாரம். நீலப் பெட்டி மாட்ச் கிரேட், போட்டிக்கென்றே செய்தது. அதன் விலைக்குப் பச்சைப் பெட்டி நான்கு வாங்கலாம். கதவோரம் தரையில் அடுக்கிக் கிடந்த பச்சையில் ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"போன மாதம் சோதிச்சனாங்கள் தானே அண்ணை. நாய் குதறின மாதிரிக் கிடந்தது தாள்."

முதலாளி ரெஜான் பெட்டியைப் பார்த்துவிட்டார். சுகிர்தா கூப்பிடுவதைக் கேட்டு, அண்ணை என்பதுதான் என் பெயர் என்று நம்பியிருந்தவர் அவர். பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அண்ணை, அது தகர டப்பா சுடுறவங்களுக்கு. பாவம், அவவைக் குழப்பாதை."

திறப்பை நான் வாங்கவில்லை. நாளைக்கு வாருங்கள் என்றேன்.

2

பழைய சோதனைத் தாள்களைத் தேடி எடுத்தேன். ஐந்து வகைத் தோட்டா, வகைக்கு ஐந்து வெடி. தொலைநோக்கியில் பார்த்து ஒவ்வொரு ஓட்டைக்கும் வரிசை எண் போட்டிருந்தேன். அந்தப் பழக்கம் பத்திரிகையில் வந்தது.

எண்களை வாசித்தபோது விஷயம் தெரிந்தது. நான்கு தாள்களில் முதல் மூன்று வெடிகள் எங்கெங்கோ போயிருந்தன; நான்காவதும் ஐந்தாவதும் நெருங்கி வந்திருந்தன. நீலத்தின் தாளில் மட்டும் முதல் வெடியிலிருந்தே ஒழுங்கு. அதைத்தான் நாங்கள் முதலில் சுட்டிருந்தோம். மாதக்கணக்காக சுகிர்தாவின் துவக்கில் ஓடியதும் அதுதான்.

ஒவ்வொரு வகைத் தோட்டாவிலும் ஒவ்வொரு மெழுகுப் பூச்சு. புது வகையைப் போட்டால், துவக்குக் குழாயில் பழைய மெழுகு போய்ப் புதியது படியும் வரை வெடி அலையும். நாங்கள் அந்த அலைச்சலை அளந்துவிட்டுத் தோட்டாவைக் குறை சொல்லியிருந்தோம்.

3

மறுநாள் சுகிர்தா துவக்கோடு வந்து, சுடுவதற்குப் பாயில் படுத்தார். பச்சையில் பத்து வெடி தாளுக்குப் பின்னால் இருந்த மண் அணைக்கு. அதன்பின் பத்து தாளுக்கு. நீலத்துக்கும் அதே முறை. பிறகு இரண்டு தாளிலும் விரல் நகம் அளவுப் பத்துச் சத நாணயத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் பத்து ஓட்டையும் நாணயத்துக்குள் மறைந்தன.

"அண்ணை, நாணயத்தை எடுத்து வையுங்கோ, திரும்பப் பாப்பம்" என்றார் சுகிர்தா. மூன்று முறை பார்த்தார்.

ரெஜான் தோளைக் குலுக்கினார். "அதிர்ஷ்டப் பெட்டி. இன்னொண்டைச் சுடச் சொல்லு."

அதில் அவர் சொன்னது பாதி சரி. இன்னொரு பச்சைப் பெட்டி அகலமாகச் சிதறியது. இரண்டு பெட்டிகளின் மூடியையும் திருப்பினேன். அடியில் பொடி எழுத்தில் இருந்த லாட் நம்பர் வேறு வேறு. ஒரே லாட்டில், அதாவது ஒரே தொகுதியாகச் செய்த தோட்டாக்கள்தான் ஒரே மாதிரிப் போகும். அன்று மாலை கதவோரம் குந்தியிருந்து பெட்டி பெட்டியாக நம்பர் வாசித்தோம். நல்ல லாட்டில் எண்பத்தாறு பெட்டி தேறியது. சுகிர்தாவும் வேறு இரண்டு உறுப்பினர்களும் சேர்ந்து முழுவதையும் வாங்கினார்கள்.

நீலத்துக்குப் போன காசில் கால் பங்குக்கே அவர் முன்போல வாரத்துக்கு நான்கு பெட்டி சுட்டார்.

4

தேர்வில் அறுபது வெடி, அறுநூறு புள்ளிக்கு. புள்ளி போட்டவர் ரெஜான். லூக் நீலத்தோடு ஐந்நூற்று எண்பத்தைந்து. சுகிர்தாவின் தாள்களை ரெஜான் கூட்டி, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி கூட்டினார். ஐந்நூற்று எண்பத்தெட்டு.

லூக் வந்து கைகொடுத்து, எந்தத் தோட்டா என்று கேட்டார்.

"தகர டப்பா சுடுறது" என்று பிரெஞ்சில் சொன்னார் சுகிர்தா, ரெஜானைப் பார்த்துக்கொண்டே.

ரெஜான் என்னை ஓரமாக அழைத்தார். "அண்ணை, அந்த லாட்டில மிச்சம் எத்தனை பெட்டி கிடக்கு?"

"ஒண்டும் இல்லை. நீங்கள்தான் பில் போட்டனீங்கள்."

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை, மலிவாகப் பழக என்ன வழி என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில் சொன்னேன். எல்லா வகையிலும் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். முதல் பத்தை மண்ணுக்குச் சுட்டுவிட்டுத் தாளைப் பாருங்கள். நன்றாகப் போகிற லாட்டை உடனே அள்ளுங்கள். சொல்லும்போது, மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய லொக்கர் திறப்பைக் காட்டுவேன். அது சுகிர்தாவின் இரண்டாவது லொக்கர். பச்சைப் பெட்டிகளுக்கு முதலாவதில் இடம் போதவில்லை.