ஏழாவது கையெழுத்து

மூன்று வருடத்துக்கு முன்னால், மலேசியாவில் நீலாய் டவுனில் நாங்கள் குடியிருக்கும் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது. கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். ஆறவில்லை. சரி, கொதிக்கக் கொதிக்கவே எழுதிவிடுகிறேன்.

நானும் என் கணவரும் லாபு பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். எஸ்டேட்டை விட்டு வந்தபோது, பக்கத்தில் இருக்கிற டவுன் என்று இங்கே வீடு பார்த்தோம். காலேஜ்களை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. நல்லது நிறைய உண்டு. எந்த நேரத்தில் போனாலும் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும். போனில் கார் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வாசலில் நிற்கும். ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் மாணவர்கள்தான். கெட்டதையும் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் ஏழெட்டுப் பேர் வாடகைக்கு இருப்பார்கள். நம் கேட்டை மறித்து மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு எவனாவது போயிருப்பான், எந்த வீட்டுப் பையன் என்று தேடி அலைய வேண்டும். செமஸ்டர் விடுமுறை வந்தாலோ பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும், கூப்பிட்டாலும் கார் வராது. யாரோ எழுதுகிற பரீட்சைக்குத் தகுந்த மாதிரி நாம் வாழ வேண்டும்.

அந்த வருடம் என் கணவருக்குக் கிட்னி பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. திங்கள், புதன், வெள்ளி. கிடைத்ததோ காலை முதல் ஷிப்ட். ஐந்தரைக்கு டயாலிசிஸ் சென்டரில் இருக்க வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரே மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். போனில் கார் கூப்பிட்டபோது ஒரு நாள் ஒரு பெண் வந்தாள். பேரா மாநிலத்து எஸ்டேட் பிள்ளை, இங்கே பார்மசி படிக்கிறாள், எங்களுக்குப் பின் வரிசையில்தான் ஐந்து பெண்களோடு தங்கியிருக்கிறாள் என்று பேச்சில் தெரிந்தது. "இனிமே போன்ல தேடாதீங்க ஆன்ட்டி, நானே வந்துடறேன்லா" என்று நம்பர் கொடுத்தாள். அன்றிலிருந்து மூன்று நாளும் ஐந்து மணிக்கு அவள் கார் எங்கள் வாசலில் நிற்கும். கணவருக்கு முதுகு வலி என்று முன் சீட்டில் ஒரு சின்னத் தலையணை வாங்கி வைத்தாள். விடுமுறைக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனபோதுகூட, தன் தோழி ஒருத்தியை எங்களுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனாள். பெற்ற பிள்ளை செய்வாளா என்று நான் கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது கிராணி விசயத்துக்கு வருகிறேன். எங்கள் தாமான் சங்கத்தின் செயலாளர் ஒரு ரிட்டயர்டு கிளார்க். அவர் அப்பா எஸ்டேட் ஆபீசில் பேர் பதிகிற கிராணியாக இருந்தவர். அதனால் மகனையும் கிராணி என்றே கூப்பிடுவோம். அவருக்கும் அதில் ஒரு பெருமை. எஸ்டேட் காலத்தில் கிராணி ஒரு காகிதத்தை நீட்டினால், எங்கள் ஆட்கள் முதலில் கைநாட்டு வைப்பார்கள், அப்புறம்தான் என்ன என்று கேட்பார்கள். பாதிப் பேர் அதையும் கேட்கமாட்டார்கள். நான் அப்படி இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளியில் ஐந்தாம் பாரம், அதாவது பதினோராம் வகுப்பு, வரை படித்தவள், மலாய் சரளமாகப் படிப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் அன்னதான வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கிராணி அட்டையில் சொருகிய ஒரு கடிதத்தோடு வரிசையில் ஒவ்வொருவராக வந்தார்.

"பார்க்கிங் விசயம்தாம்மா. ஸ்டூடண்ட்டுங்க தொல்லை தாங்க முடியல. ஒரு சைன் போடுங்க."

அன்று காலையில்கூட எங்கள் கேட்டை மறித்து ஒரு மோட்டார் நின்றிருந்தது. "ஒண்ணு என்னா, ரெண்டு சைன் போடறேன் கொடுங்க" என்றேன். ஒரு கையில் தட்டு. அட்டையை அவரே பிடித்துக்கொண்டார். பேரையும் வீட்டு நம்பரையும் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, பாயசம் வாங்கப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. அந்தப் பெண் வழக்கம்போல வந்தாள். கணவரை உள்ளே விட்டுவிட்டு நானும் அவளும் திரும்பிக்கொண்டிருந்தோம்.

"ஆன்ட்டி, அடுத்த மாசத்துலேர்ந்து நான் வர முடியாது. ஓனர் வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாரு. ஆறு பேரையும்."

"ஏம்மா? என்னா நடந்துச்சு?"

காரை ஓரமாக நிறுத்திவிட்டு, போனை என்னிடம் கொடுத்தாள். வீட்டு ஓனர் அவளுக்கு அனுப்பியிருந்த கடிதத்தின் படம். சங்கம் எழுதிய கடிதம். அந்த வீட்டுப் பெண்களின் நடத்தை சரியில்லை என்று மலாயில் எழுதியிருந்தது. வாரத்தில் மூன்று நாள், விடிவதற்கு முன்பே ஒருத்தி காரை எடுத்துக்கொண்டு போகிறாளாம். சற்று நேரத்தில் வயதான ஆண் ஒருவரை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு அதே வழியாகப் போகிறாளாம். குடும்பங்கள் வாழும் இடத்துக்கு இது அடுக்காதாம். பார்க்கிங் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி.

அந்த வயதான ஆண் என் கணவர்! பின் சீட்டில் இருட்டில் உட்கார்ந்திருந்த நான் அவர்கள் கண்ணில் படவே இல்லை. எங்கள் வரிசை ஒருவழிப் பாதை. தாமானை விட்டு வெளியே போக, அவள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நடக்க முடியாத நோயாளியை டயாலிசிஸ் சென்டருக்குக் கூட்டிப் போவதைத்தான், ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்த எவரோ இந்த லட்சணத்தில் சொல்லியிருக்கிறார்கள். கீழே கையெழுத்துகள். ஏழாவது என்னுடையது.

"நீ இத எப்பம்மா பார்த்தே?" என்று கேட்டேன்.

"சண்டே அனுப்பினாரு, ஆன்ட்டி."

அப்படியென்றால் என் பெயரைப் பார்த்த பிறகு திங்கட்கிழமை வந்திருக்கிறாள். இன்றைக்கும் வந்திருக்கிறாள். "பார்த்துட்டும் ஏம்மா வந்தே?"

"அங்கிளுக்கு டயாலிசிஸ் இருக்கே" என்றாள். அப்புறம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "ஓனர் எங்கம்மாவுக்கும் தபால்ல அனுப்பிட்டாரு, ஆன்ட்டி. பெரியப்பா படிப்ப நிப்பாட்டச் சொல்றாரு. இன்னும் ஒரு வருசம்தான் இருக்கு" என்றாள்.

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராகக் கிராணி வீட்டு வாசலில் போய் நின்றேன். "பார்க்கிங்னு சொல்லித்தானே சைன் வாங்கினீங்க?" என்று கத்தினேன்.

"பார்க்கிங்கும் இருக்கில்ல, கடைசி வரியப் பாருங்க."

"அந்த வயசான ஆளு யாருன்னு தெரியுமா? என் வீட்டுக்காரரு! டயாலிசிசுக்குப் போறாரு!"

மனுசன் ஒரு நிமிடம் திகைத்தார். ஒரே ஒரு நிமிடம்தான். "எனக்கென்னம்மா தெரியும்? எதிர் வீட்டுக்காரங்க சொன்னாங்க, எழுதினேன். நீங்க படிச்சவங்கதானே, பார்த்துட்டுப் போட வேண்டியதுதானே?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. அந்தக் கடிதம் தப்பு என்று இன்னொரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றேன். முடியாது, சங்கத்தின் பேர் கெட்டுவிடும் என்றார். அப்படியானால் அந்தப் பிள்ளைகளின் பேர்? தெருவே கேட்கிற மாதிரி கேட்டேன். அதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை.

கடிதத்தை நானே எழுதினேன். கையெழுத்துப் போட்ட மற்ற இருபது வீடுகளுக்கும் படியேறினேன். ஒன்பது பேர் போட்டுக் கொடுத்தார்கள். மற்றவர்கள் 'நமக்கு எதுக்கு வம்பு' என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு அம்மா சிரித்துக்கொண்டே, "ஸ்டூடண்ட்டுங்கதானே, வேற வீடு கிடைக்காமலா போயிடும்?" என்றார். அவர் மகன் மாணவர்களுக்குச் சோறு விற்றுத்தான் கார் வாங்கினான். இந்த ஊரே இப்படித்தான். அவர்கள் பசி வேண்டும், வாடகை வேண்டும், அவசரத்துக்கு அவர்கள் கார் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களாக மட்டும் அவர்கள் இருக்கக் கூடாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நான் ஊர் வாய்க்குக் கையெழுத்தே போட்டுக் கொடுத்திருந்தேன்.

ஓனர் மனம் மாறவில்லை. மாதக் கடைசியில் ஆறு பேரும் வீட்டைக் காலி செய்தார்கள். படிப்பாவது நிற்கக் கூடாது என்று, அந்தப் பெண்ணிடம் நம்பர் வாங்கி அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவள் எங்களுக்காக விடியற்காலையில் வந்துபோனதையெல்லாம் சொன்னேன். அவரும் போனை வாங்கி, "தங்கமான புள்ளம்மா, எனக்காகத்தான் அந்நேரத்துக்கு எழுந்து வந்துச்சு" என்று சொல்லி அழுதுவிட்டார். அந்த அம்மா முழுதாகக் கேட்டார்கள். மகளை ஹாஸ்டலில் சேர்த்துப் படிப்பை முடிக்க வைக்கிறேன், பெரியப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றார்கள். சொன்னபடியே செய்தார்கள், அவள் இன்றைக்கு வேலையில் இருக்கிறாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. போனை வைக்கப் போனேன்.

"உங்க வீட்டு நம்பர் என்னா?" என்று கேட்டார்கள்.

சொன்னேன். அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது.

"அப்ப இந்த ஏழாவது சைன் உங்களோடதுதானா?"

ஆமாம் என்றேன். அவர்கள் திட்டவில்லை, "சரிங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். கிராணி மேல் இருக்கும் கோபம் எனக்கு என்றைக்காவது போனாலும் போகும். இன்னொரு வீட்டுப் பெண்ணின் பெயரைக் கெடுத்த கடிதத்துக்குக் கீழே படிக்காமல் என் பெயரை எழுதிய இந்தக் கையின் மேல் இருக்கும் கோபம் சாகும்வரை போகாது, போகவும் கூடாது.