ஆயுத பூஜை போட்ட கொரியா மிஷின்

கார் கதவுக்கு ரப்பர் செய்கிறவர்களுக்கு ஒரு தலையெழுத்து உண்டு: கதவு சத்தமில்லாமல் மூடினால் பேர் டிசைன்காரனுக்கு, மழைத்தண்ணி உள்ளே வந்தால் திட்டு நமக்கு. கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னி. என்னையும், எனக்கு முன்பே சேர்ந்தும் இன்னும் நிரந்தரமாகாத கோவளத்து ரஃபீக்கையும் மூன்று மாதம் கொரியாவுக்கு அனுப்பினார்கள். ரப்பரை முறுக்கு மாதிரிப் பிழிந்து தள்ளும் மிஷின் ஒன்று அங்கே இருந்தது. அதை ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தால் வேலை நிரந்தரம்.

மேனேஜர் புத்திமதி

கிளம்பும் முன் மேனேஜர் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த மிஷினையே கழற்றி நம் கம்பெனிக்குக் கொண்டுவரப் போகிறார்களாம். அங்கே அதை ஓட்டுகிறவர்களுக்குக் கடைசி வாரம்தான் சொல்வார்களாம், அதுவரை மூச்சு விடக் கூடாதாம். விமானம் ஏறப்போகிற சந்தோஷத்தில், அவர்கள் கதி என்ன என்று கேட்கவே எங்களுக்குத் தோன்றவில்லை. அவராகவே சொன்னார்: "அங்க போயி ரொம்ப ஒட்டிக்காதீங்கப்பா, கஷ்டமாப் பூடும்."

நாலு முட்டை

ஒட்டிக்கொண்டோம். மிஷினை ஓட்டியவர் பெயர் சு-மி, முப்பது வயதிருக்கும். முதல் வாரமே எங்களுக்குச் சுமி அக்கா ஆகிவிட்டார். பேச்செல்லாம் செல்போன் வழியாகத்தான். அவர் கொரிய மொழியில் சொன்னதைப் போன் செய்தி வாசிப்பது போலச் சுத்தத் தமிழில் சொல்லும்; நாங்கள் சொன்னதைத்தான் பாதி உளறும்.

கேன்டீனில் தினமும் பன்றிக்கறி. ரஃபீக் வெறும் சோற்றைப் பிசைவதைப் பார்த்துவிட்டு அக்கா தினமும் நாலு அவித்த முட்டை கொண்டுவர ஆரம்பித்தார். அந்த ஊரில் அந்த ஒரு கம்பெனிதான் உண்டு, படுக்கையில் கிடக்கும் அம்மாவை விட்டு வெளியூர் வேலைக்குப் போக முடியாது என்பதையும் முட்டை உரித்தபடியேதான் சொன்னார். மேனேஜர் சொன்னதை நினைத்துக்கொண்டே தின்றேன். ரஃபீக் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "நம்ம வூட்லகூட இப்டிப் பாத்து செய்ய மாட்டாங்க மச்சான்."

பூசணிக்காய்

அங்கே இருக்கும்போதே ஆயுத பூஜை வந்தது. பூஜை போடாமல் மிஷினில் கை வைக்க நமக்கு மனசு வருமா? அம்மா பெட்டியில் வைத்தனுப்பிய சந்தனம், குங்குமத்தை எடுத்துப் பொட்டு வைத்தேன். எங்கள் கம்பெனியில் வருஷாவருஷம் பூசணிக்காய் உடைப்பது ரஃபீக்தான். அங்கேயும் ஒன்றை வாங்கிவந்து வாசலில் போட்டு உடைத்தான். அக்காவும் ஆசையாக ஒரு பொட்டு வைத்தார்.

அந்தக் குஷியில் ரஃபீக் போனைப் பிடித்து, அடுத்த வருஷம் இந்த மிஷினுக்கு எங்க ஊரில் இன்னும் கிராண்டாகப் பூஜை போடுவோம் என்று சொல்லித் தொலைத்தான். எப்போதும் உளறுகிற போன் அன்றைக்கு ஒழுங்காக மொழிபெயர்த்தது. அக்கா மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் ஏதோ சொல்ல, போன் எங்களிடம் கேட்டது: "இது போய்விட்டால் நான் எங்கே போவேன்?"

மறுநாள்

இனிமேல் எதையும் சொல்லித்தர மாட்டார், நம் வேலை நிரந்தரமாகாது என்றுதான் முதலில் பயந்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அக்கா எப்போதும் போல எட்டு மணிக்கு வந்தார். அழுத கண். எந்தப் புத்தகத்திலும் எழுதாத விஷயங்களை எல்லாம் அன்றிலிருந்துதான் காட்ட ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டேன். போன் சொன்னது: "நீங்கள் சரியாகக் கற்காவிட்டால், அது அங்கே கெட்டுப்போகும்."

கால் சுற்று

எங்கள் வேலை நிரந்தரமானது. மிஷினும் கப்பலில் வந்து சேர்ந்தது. ஓட விட்ட முதல் வாரமே ரப்பர் ஒரு பக்கம் தடித்து வந்தது. மூன்று நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அக்காவுக்கே படம் அனுப்பினோம். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "இடது பக்கத் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள். சந்தேகம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள், நாள் முழுவதும் வீட்டில்தான் இருக்கிறேன்."

கொரியாவிலிருந்து என்ன கொண்டுவந்தாய் என்று ஊரில் யாராவது கேட்டால், இரண்டு பெட்டி சாக்லேட் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.